ஐஸில் வந்த ரத்தம்

அக்கா புருஷனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கழுத்தில் வந்த கட்டி லிம்போமா என்கிற கேன்சர் என்று தெரிந்து, கொடுத்த மருந்தெல்லாம் கேட்காமல் போன பிறகு, சென்னையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். ஒரே நிபந்தனை. பாவா ரத்தத்திலிருக்கும் எதிர்ப்பு செல்கள் அவருடைய கேன்சர் செல்லைக் கொஞ்சமாவது கொல்ல வேண்டும். கொன்றால்தான் மருந்து. அதைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலை.

"திருத்தணியிலயே ரத்தம் எடுத்து, கெடாம பாத்துகினு வாக்கா" என்று போனில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அக்கா மலையடிவாரத்தில் பூ விற்கிறவள். கெடாமல் என்றால் அவளுக்கு ஐஸ். மல்லி வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸைக் கொட்டி, நடுவில் ரத்தக் குழாயைச் செருகி, ரயிலில் நின்றபடியே வந்து நீட்டினாள். திறந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த செல்களைச் சாதாரண சூட்டில்தான் கொண்டுவர வேண்டும். ஐஸில் கிடந்தால் சுருண்டுவிடும், வேலை செய்யாது. "அறிவிருக்கா உனக்கு? இது இன்னா மல்லிப்பூவா?" என்று வாசலிலேயே கத்தினேன்.

"நீதானடி கெடாம பாத்துகினு வானு சொன்ன?"

அவள் கேட்டது நியாயம். ஆனாலும் நான் வாயை மூடவில்லை. இருக்கட்டும் என்று சோதித்தும் பார்த்தோம்; ஒன்றையும் கொல்லவில்லை. ஐஸ்தான் கெடுத்தது என்று நானும் நம்பினேன், அக்காவும் நம்பினாள். பாவம், அந்த வாரம் முழுக்க அவள் பாவா முகத்தையே நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

அடுத்த முறை நானே ஊருக்குப் போய், குழாயைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து, அரக்கோணம் வழியாக ரயிலில் கொண்டுவந்தேன். செல்களைப் பிரித்து, பாவா கட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த கேன்சர் செல்களோடு கலந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டும், என்னுடையதையே எடுத்தேன். நாலு மணி நேரம் கழித்துச் சாயம் விட்டேன். செத்த செல்லுக்குள்தான் அது ஏறும், மெஷின் எண்ணிச் சொல்லிவிடும். என் செல்கள் போட்டுத் தள்ளியிருந்தன. பாவாவுடையதற்கும், எதையும் கலக்காமல் சும்மா விட்ட கேன்சர் செல்களுக்கும் வித்தியாசமே இல்லை. மறுபடி ஓட்டினேன். அதேதான். சனியன், என் ரத்தம் யார் கேட்டு இந்த வீரம் காட்டியது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அதை எடுத்து அவருக்குக் கொடுக்கவா முடியும்?

மறுநாளே ஊருக்குப் போனேன். அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தாள். "இந்த வாட்டி ஐஸே வெக்கலியே, நல்லா வந்திருக்கும்தானே?" என்றாள்.

"உம்மேல தப்பே இல்லக்கா. நான் கத்தினதுதான் தப்பு. ஐஸ் வெக்காமலும் அப்படியேதான் வந்திருக்கு. மருந்து தர மாட்டாங்க."

தப்பு இல்லை என்றதில் கொஞ்சமாவது அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன், மடச்சி. கையிலிருந்த சரத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாடி?"