தீராத சூடு

“டீச்சர், இந்தச் சூடு இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?”

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில், பார்வதி டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்பதற்கு முன்பே ஒரு ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து என் கையில் வைத்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த குறும்புதான். “கொட்டைக்குள்ளதான்” என்றேன், கையை உதறிக்கொண்டு.

“அப்படின்னா தேய்க்கத் தேய்க்கத் தீந்துபோகணுமே லா!”

கணக்கு டீச்சரான நான் அந்தக் கொட்டையை மறுபடியும் தரையில் தேய்த்துப் பார்த்தேன்.

சென்ற வாரம் புந்தோங்கிலிருந்து அவர் மகள் அழைத்து, அம்மா போய்விட்டார் என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு நினைவு வந்தது அந்தச் சூடுதான்.

அவரோடு பணியாற்றியவர்கள் அந்த ஒரு பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக வந்த தலைமையாசிரியருக்கு, டீச்சர் வகுப்பில் விளையாட்டுக் காட்டுகிறார் என்று எரிச்சல். “நான் வந்து ஒரு பாடம் பாக்குறேன். நேரத்துல முடிக்கலன்னா அறிவியலை விட்டுட்டு உடற்கல்விக்குப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டார். அறிவியல் வகுப்பு இல்லையென்றால் டீச்சருக்குச் சோறு இறங்காது.

அன்றும் ரப்பர் கொட்டைதான். எனக்கு அந்த வேளை வகுப்பில்லை; பின்னால் போய் நின்றேன். ஒரே கொட்டையைப் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். சுட்டுக்கொண்டே இருந்தது. “உள்ள இருந்த சூடுன்னா இந்நேரம் தீந்திருக்கணும்” என்று டீச்சர் முடிப்பதற்குள் தலைமையாசிரியர் குறுக்கிட்டார்.

“தரையிலேருந்து ஏறியிருக்கலாமே, டீச்சர்?”

மணியடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. குறிப்பு இன்னும் எழுதவில்லை. நானாக இருந்தால் “அப்புறம் பேசலாம் சார்” என்றிருப்பேன். டீச்சருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நல்லாக் கேட்டீங்க சார்! தரை குடுத்துச்சுன்னா தரை குளுந்துபோயிருக்கணும். வாங்க, தொட்டுப் பாத்துருவோம்.”

தலைமையாசிரியர் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக் குந்தினார். தேய்த்தார். தேய்த்த இடத்தில் விரலை வைத்தார். “ஐயோ, இதுவும் சுடுதே!”

பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

“ரெண்டும் சூடாயிருச்சு. அப்ப யாரு யாருக்குக் குடுத்தது?” என்றார் டீச்சர்.

“யாரும் குடுக்கல டீச்சர்! சார் தேய்ச்சாருல்ல, அதுதான்!”

சூடு எதற்குள்ளும் அடைத்துவைத்த சரக்கு அல்ல. நம் அசைவே சூடாகிறது. எவ்வளவு பெரிய கருத்து! அது எட்டாத உயரத்திலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தது. மணி அடித்துவிட்டது. பாடம் முடியவில்லை.

டீச்சரின் அறிவியல் போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலை தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்குள் ஓடிவந்தார். “டீச்சர், வீட்டுல அலமாரிப் பலகையில தேய்ச்சேன். பலகையும் சுடுது லா! புது அலமாரிய கீறிட்டேன்னு வீட்டுக்காரம்மா ஒரே ஏச்சு!” உடற்கல்விப் பேச்சு அத்தோடு நின்றது.

“எது நடந்தா நாம சொன்னது தப்புன்னு ஆகும்? அத முதல்ல சொல்லிடணும்” என்பார் டீச்சர். தன் அறிவியல் வகுப்பே ஆடிக்கொண்டிருந்த நாளிலும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இறுதிச் சடங்கன்று, கைத்தடியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார் அதே தலைமையாசிரியர். சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்தார். பழைய ரப்பர் தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. ஓரத்தில் தப்பி நின்ற ஒரு ரப்பர் மரத்தடியில் பொறுக்கினாராம். சிரமப்பட்டுக் குனிந்து, தரையில் தேய்த்து, என் கையில் வைத்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? இன்னும் தீரல.”

அந்தச் சூட்டையும், எதிர்க்கேள்வி வந்ததும் மலர்ந்த அந்த முகத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். ரப்பர் கொட்டை கிடைக்காவிட்டால் நீங்கள் ஒரு காசை எடுத்துப் பலகையில் வேகமாகத் தேய்த்து, இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.