உச்சி வெயிலில் எடை போட்ட நூற்றிருபது குதிரைகள்

நூற்றிருபது குதிரைச் சக்தி என்று தாளில் அச்சடித்திருந்தது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் காஞ்சிபுரம் முழுக்கத் திரிந்தேன். கேட்டவர்களுக்குக் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன். முப்பதுகளின் பிற்பகுதி அது. ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும், நான்கு கதவும் கூரையும் வைத்த குடும்ப வண்டிக்குள் பந்தய வண்டியின் எஞ்சினை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் மார்பு நிமிர்கிறது. மறைக்க மாட்டேன்.

எல்லாப் பெருமையும் அதிலிருந்த சூப்பர்சார்ஜரால் வந்தது. தட்டான் கடையில் துருத்தி ஊதினால் கரி எப்படிச் சிவக்கிறதோ, அந்த வேலைதான். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, இன்னும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மெதுவாகப் போனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அழுத்தி மிதித்தால் முன்மூடிக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று கிளம்பும், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்களுடையது பட்டு நெய்யும் தெரு. வீட்டிலேயே தறிகள் ஓடின. விடிந்ததும் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துவிடுவார்கள். சேலையின் நீளவாக்கு இழைகளை இரு முனையிலும் கட்டி இழுத்து, அறுந்ததை முடிந்து சீர் செய்வது விடியற்காலை வேலை. அது முடிந்து சுருட்டும்வரை மாட்டு வண்டிகூட உள்ளே வராது. ஆகவே என் கார் தினமும் ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டை விட்டு நகரும். எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் கார் ஓட்டி என்ன பயன் என்று நினைக்கிற ரகம் நான்.

என் மனைவி பட்டு வியாபாரி வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடமே எங்கள் வீட்டுத் தராசு அவள் கைக்குப் போய்விட்டது. மைசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கச்சாப் பட்டை அவள் நிறுக்காமல் யாரும் தொட முடியாது. எடை குறைந்தால் மூட்டையோடு திரும்பிப் போகும். அனுப்பியவர் உறவுக்காரராக இருந்தாலும் சரி, அழுதாலும் சரி. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டே நூற்றிருபது குதிரைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, ரசம் ஊற்றியபடியே சொன்னாள்.

"தாள்ல எழுதினா ஆச்சா? பட்டு அனுப்புறவனும்தான் சீட்டு எழுதி அனுப்புறான். நிறுத்துப் பாக்காம நம்ம வூட்டுக்குள்ள எது வந்திருக்குது, இது வர்றதுக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் ரசம் இறங்கவில்லை. சென்னையில் காரை விற்றவர், பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். எடை குறைந்தால் திருப்பிவிடுவோம் என்று அந்தக் கோபத்தில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

குதிரைச் சக்தியை எந்தத் தராசில் நிறுப்பது? சின்னக் காஞ்சிபுரத்தில் இருந்த என் நண்பரைத் தேடிப் போனேன். ஹைஸ்கூலில் விஞ்ஞான வாத்தியார், கோயில் கைங்கரியக் குடும்பம், கணக்கென்றால் பசி மறந்துவிடும் மனுஷர். அவர் வழி சொன்னார். காரின் எடை தெரிய வேண்டும். முப்பது மைல் வேகத்திலிருந்து அறுபதுக்கு முள் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். மிச்சத்தைக் காகிதத்தில் போட்டுவிடலாம். ரயிலடியில் பார வண்டிகளை நிறுக்கும் மேடையில், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தபடியே காரை எடை போட்டோம்.

தாளில் போட்டிருப்பது எஞ்சினிலேயே வைத்து அளந்த சக்தி. கியர், அச்சு என்று பல கை மாறிச் சக்கரத்துக்கு வருவதற்குள் காற்பங்கு போய்விடும் என்றார் வாத்தியார். இதை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று பயந்தேன். அவளோ கண்ணைக்கூட உயர்த்தவில்லை. கச்சாப் பட்டை அவித்துப் பசை போனால் எடையில் காற்பங்கு குறையும், அதை யார் திருட்டு என்பார்கள் என்று கேட்டாள். அவித்த பட்டின் கணக்கில் தொண்ணூறு குதிரை வர வேண்டும் என்று அவளே தீர்மானித்தாள். அச்சடித்த எண்ணுக்கும் ரோட்டில் ஓடும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்ததே அன்றைக்குத்தான்.

எப்போது அளப்பது என்று நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டு நிறுப்பது உச்சி வெயிலில்தான். பட்டு ஈரத்தைக் குடிக்கும். மழை நாளிலோ விடியற்காலையிலோ நிறுத்தால் தண்ணீரையும் பட்டென்று வாங்க வேண்டியதுதான். காய வைத்து நண்பகலில் நிறுத்தால்தான் நேர்மையான எடை. எனக்கும் அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஆகவே சித்திரை வெயில் தலையைப் பிளக்கும் பன்னிரண்டு மணிக்கு, வாலாஜாபாத் ரோட்டில், பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயக் கடிகாரத்தோடு வாத்தியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மிதித்தேன்.

நான்கு தடவை ஓட்டியும் எண்பத்து நான்கு குதிரைக்கு மேல் வரவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆறு குதிரை குறையுது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிப் பக்கம் போய்விட்டாள். அன்று மாலை நான் காரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் காலையே கொண்டு போய் விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

இரவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது நின்றிருந்தாலும் தெரு நனைந்து கிடந்தது, அதனால் அன்று யாரும் பாவு விரிக்கவில்லை. கார் வந்த நாள் முதலாக விடியற்காலையில் தெரு எனக்குக் காலியாகக் கிடைத்தது அன்றுதான். துக்கத்தோடு கிளம்பினேன். வாலாஜாபாத் ரோடு ஏறியதும், கடைசியாக ஒரு தடவை என்று மிதித்தேன்.

அது வேறு கார். சீழ்க்கை கூர்மையாகக் கேட்டது. முள் தயங்காமல் ஏறியது. நான் கத்திவிட்டேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போய், ஈர வேட்டியோடு நின்ற வாத்தியாரைக் காய்ந்த வேட்டி மாற்றக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டேன். கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதே ரோட்டில் ஓட்டினோம். அவர் மடியில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டார். ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி போட்டார். தொண்ணூற்றொன்று.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய், நம்மளை மாதிரி மண்டு உண்டா? உம்ம வண்டி காத்தைன்னா திங்கறது. வெயில்ல காத்து சூடாகி மெலிஞ்சுடும். குளிர்ந்த காத்துதான் கனம். இதை வண்டி பண்ணினவா அளந்தது குளிர் தேசத்துலே. நாம பட்டு நிறுக்கற நேரத்துலே குதிரையை நிறுத்திருக்கோம்."

வீட்டுக்கு வந்து குதிக்காத குறையாகச் சொன்னேன். என் மனைவி வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டாள். பிறகு, மழை பெய்த விடியற்காலையில் நிறுத்தது திருட்டு எடை, அது செல்லாது என்றாள். வாத்தியார் திண்டாடிப் போனார். ஈரம் பட்டுக்குக் கனம் சேர்ப்பது பொய், குளிர் காற்றுக்குக் கனம் சேர்ப்பது மெய் என்று அவர் விளக்க, அவள் குறுக்குக் கேள்வி கேட்க, கால் மணி நேரம் ஓடியது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூட்டம் கலைந்து வெயில் ஏறிவிட்டால் எல்லாம் போச்சு.

கடைசியில் அவள் கையை நீட்டிக் கடிகாரத்தைக் கேட்டாள். தராசு தன் கையில் இல்லாமல் எந்த எடையும் செல்லாது, தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள். கார் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியும் அவள் அதில் ஏறியதே இல்லை. வாத்தியார் இறங்கி இடம் விட்டார். அப்போதும் அவள் ஏறவில்லை. தான் வாத்தியாரைவிட எடை குறைவு, கணக்கு தப்பிவிடும் என்று சொல்லி, வீட்டு எடைக்கற்களில் பெரியதாக இரண்டைக் கொண்டுவரச் செய்து பின் இருக்கையில் வைத்த பிறகுதான் முன்னால் உட்கார்ந்தாள். மறுபக்கக் கதவோரம், அந்தக் கற்களுக்குத் துணைபோல வாத்தியார் ஏறப் பார்த்தார். அவரையும் இறக்கிவிட்டாள். ஊர் எல்லைவரை அவர் எங்கள் பின்னால் எங்கள் வீட்டுச் சைக்கிளில் வந்தார்.

ரோடு நேராகும் இடத்தில் நிறுத்தி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முள் முப்பதைத் தொடும்போது ஒரு அழுத்து, அறுபதைத் தொடும்போது இன்னொரு அழுத்து. எனக்குத் தெரியும் என்றாள். கிளம்பினோம். முப்பது. 'டிக்' என்று கேட்டது. அழுத்தி மிதித்தேன்.

சீழ்க்கை எழுந்தது. அவள் முதுகு இருக்கையில் ஒட்டியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கண் முள்ளின் மேலேயே இருந்தது. ஐம்பது. அறுபது. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், சத்தம் வரவில்லை. அறுபத்தைந்து. புளிய மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. காலை எடுக்கப் போனேன்.

"இன்னும் போவட்டும்" என்றாள்.

எண்பதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அவள் தலை மயிர் கலைந்திருந்ததைச் சரி செய்யவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்ற வாத்தியார் ஜன்னலில் குனிந்து எத்தனை விநாடி என்று கேட்டார். அவள் மடியைப் பார்த்தேன். பதினைந்து வருடமாக ஒரு பலம் பட்டுகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவள் கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எடை சரியா இருக்குது" என்றாள்.