மேலேயிருந்து தெரியாத பச்சை

வருங்காலத்தில் சோலார் மின்நிலையம் எங்கெங்கே அமைக்கலாம் என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் மஞ்சள் பூசும். அந்த இடங்களை நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்படியொரு மஞ்சளின் நடுவில்தான் அந்த விவசாயியைச் சந்தித்தேன். நெடுநெடுவென்று ஒடிசலாக இருந்தார். எதைக் கேட்டாலும் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இது தரிசுதானுங்களே?"

"சித்திரையில வந்து கேட்டா வேற எப்படிங்க இருக்கும்? புரட்டாசியில வாங்க, காடு பூரா ராகி நிக்கும்."

கம்ப்யூட்டருக்குச் சித்திரையும் தெரியாது, புரட்டாசியும் தெரியாது. கோடையில் சேட்டிலைட் எடுத்த படத்தைப் பார்த்து, அவருடைய ஒரே மானாவாரிக் காட்டைத் தரிசு என்று முடிவுகட்டியிருந்தது. ஆபீசுக்கு எழுதினேன். ஒரு ஆளுக்காகக் கம்ப்யூட்டர் மாடலை மாற்ற முடியாது என்றார்கள். அதை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மறுபடி எப்பங்க படம் எடுப்பாங்க?" என்று கேட்டார்.

"சேட்டிலைட் அடிக்கடி மேல போகுங்க" என்றேன். அது உண்மைதான்.

அடுத்த கோடையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். காய்ந்த காட்டின் நடுவே, பாய் விரித்த அளவுக்குப் பச்சையாக ராகி நின்றது. தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைவிரல் மண்ணைக் கீறியது.

"இப்ப மேலருந்து தெரியுங்களா?"

வரைபடத்தை நாங்கள் முந்தின வருஷமே முடித்துக் கொடுத்துவிட்டோம். இனி எடுத்தாலும் அத்தனை சின்னப் பச்சை படத்தில் விழாது.

"தெரியுங்க" என்றேன்.

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்கு ஓடினார்.