கடைவாயில் ஒரு தங்க உறை

கிருஷ்ணகிரியில் கடைவாய்ப் பல்லுக்குத் தங்க உறை (சிதைந்த பல்லின்மேல் கவிக்கும் மூடி) போட்டுக்கொண்டு சூளகிரி பஸ்ஸில் ஏறியபோதே தெரிந்தது. வாயை மூடினால் மற்றப் பற்கள் சேருமுன்பே அது முட்டியது. புதுச் செருப்பு கடிக்காதா, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. ஈறு வலித்தது. இரண்டும் சில நாளில் அடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அடங்கின. முட்டுவது மட்டும் நிற்கவில்லை.

எட்டாம் நாள் போனேன். மருத்துவர் தஞ்சாவூர்க்காரர், எங்கள் பக்கத்துக்குப் புதிது.

"சாப்பிடும்போது வலிக்குதாம்மா?"

"இல்லீங்க. மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடறேன்."

பொய் சொல்லவில்லை. ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். ஆனாலும் நல்ல மனிதர் செய்த வேலையைக் குறை சொல்ல நா எழவில்லை.

ஒன்றரை மாதத்தில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. வாய் ஒரு விரல்கூட நுழையாதபடி இறுகிவிட்டது. மூன்று வயது மகள் என் கிட்டே வரவே பயந்தாள். செத்துப்போனால் இவளை யார் பார்ப்பார்கள் என்று அழுதேன்.

கணவர் அழைத்துப்போனார். சீழ்க்கட்டி (பல்லின் வேரடியில் சீழ் கோத்த வீக்கம்) என்றார் மருத்துவர்.

"வலிக்கலைன்னாங்களே. அப்படி எதைத்தான் மென்னாங்க?"

"ராகிக் களிங்க," என்றார் கணவர். "அதை யாருங்க மெல்லுவாங்க? உருட்டிக் கொழம்புல தொட்டு முழுங்கறதுதான்."

உறை மயிரிழை உயரமாக இருந்திருக்கிறது, முதல் வாரமே தேய்த்துவிட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். "நானும் வெவரமா கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பென்சிலின் ஊசி (சீழை அடக்கும் மருந்து) போட்டு, வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்கினார்.

உறை போட்டுக்கொண்டவர்கள், முட்டினால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். மருத்துவரே கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்று வருடமாகிறது. நாக்கு இன்னும் அந்தப் பள்ளத்துக்குப் போய்த் திரும்புகிறது. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. வாயின் வலப்பக்கத்துக்கு மட்டும் வயதாகிவிட்டது.

போன வாரம் மகளுக்கு முன்பல் விழுந்தது. "எனக்கு மறுபடி மொளைக்குமாம். உனக்கு எப்பம்மா மொளைக்கும்?" என்றாள்.

"எனக்கு இனிமே மொளைக்காது" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. அழுகை வந்துவிட்டது.