சிங்கப்பூருக்கு மேடு, கோயமுத்தூருக்கு எறக்கம்

டிக்கெட் போடறது சுலுவுங்க. டிக்கெட் வாங்குனவர ப்ளேன்ல ஏத்தறதுக்குள்ள நம்ம உசுரு மொதல்ல பறந்துரும். கஸ்டமரு வாயில விழுந்து எந்திரிச்சவீங்க எல்லாரும் என்ற பங்காளிகதான், கேளுங்க.

கோத்தகிரி பஸ்

பெருமாநல்லூர்ல நம்ம டிராவல்ஸுக்குப் பொன்னுச்சாமியண்ணன் வந்தாரு. இருவது மெசின் போட்டு அடுத்த கம்பெனிகளுக்குப் பனியன் தெச்சுக் குடுக்கறவரு. மொதமொதலா, சரக்கு வாங்கற சிங்கப்பூர் பையர் ஒருத்தரு நேர்ல வரச்சொல்லியிருக்கறாங்க. "இந்த ஆர்டரு வரலீன்னா மெசின வித்துப்போட்டு மூலனூர்ல முருங்கக்கா ஏவாரந்தான் தம்பி"ன்னாரு, பாதி அழுவாச்சியில.

டிக்கெட்டக் குடுத்தேன். வெரல் வுட்டு எண்ணுனாரு. "ஏனுங்க, போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டே மணி நேரமா?" மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருங்ணா, ரெண்டு பக்கமும் நாலேகால் மணி நேரந்தான், அங்கத்த கடியாரம் நம்மளுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுதுன்னு தொண்ட வறள வெளக்குனேன். பொறுமையாக் கேட்டுப்போட்டு, எனக்கே பாடம் நடத்துறாப்புல சொன்னாரு: "கோத்தகிரி பஸ்ஸும் இப்படித்தானுங்க தம்பி, போறப்ப மேடு, வர்றப்ப எறக்கம்."

எந்த ஊரு ராகு காலம்?

அடுத்த நாள் அவரு சம்சாரம் சாந்தாமணியக்கா, அண்ணனையும் இழுத்துக்கிட்டு, செவுத்துல தொங்குன காலண்டரையும் கழட்டிக்கிட்டு வந்துட்டாங்க. "திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கு எறங்குதாமா? ஏழரை ஒம்பது ராகு காலமுங்க! ப்ளேனக் கொஞ்சம் தள்ளி எறக்கச் சொல்லுங்க."

நான் என்ன, மினி பஸ்ஸா ஓட்டறேன்? "அக்கா, அங்க எட்டுன்னா நம்மூருல அஞ்சரைதானுங்க, ராகு இன்னும் எந்திரிச்சிருக்கவே மாட்டாரு"ன்னு புத்திசாலித்தனமா எடுத்துவுட்டேன். அக்காவுக்கு மொகமெல்லாம் பல்லு. அப்படியே அண்ணன் பக்கம் திரும்பி ஒரு சத்தம்: "வாட்ச்சத் தொட்டீங்கன்னா பாருங்க! திரும்பி ஊடு வந்து சேர்ற வரைக்கும் நம்மூரு நேரந்தான் ஓடோணும்!"

குளிக்காத மீட்டிங்கு

செவ்வாக்கிழம காலைல ஏழேகாலுக்கு அக்கா போனு. "இப்பத்தான் எந்திரிச்சாராமா. மீட்டிங்கு பத்து மணிக்குத்தானுங்களே, சாவகாசமாக் குளிக்கப் போறாரு."

அங்க அப்பவே ஒம்பதே முக்கால்! திங்கக்கிழம பூரா ரூமுல தூங்குன மனுசனுக்கு நேர வித்தியாசம் தட்டுப்படவே இல்ல. ஓட்டலுக்குப் போனப் போட்டேன். "அண்ணா, ஓடுங்க!" "பல்லு வெளக்கிட்டு..." "வெளக்காதீங்க! பையர் ஆபீசு எதுத்தாப்புலதான், ஓடுங்க!"

கோட்டு சூட்டெல்லாம் பெட்டியிலயே கெடக்க, தூங்குன பனியனோட போய் நின்னிருக்கறாரு. பையரு ஒரு சிங்கப்பூர்த் தமிழம்மா. மேலயும் கீழயும் பாத்துட்டுக் கிட்ட வந்து பனியன் ஓரத்த இழுத்துப் பாத்தாங்களாமா. தொவைக்கத் தொவைக்கப் பக்கத் தையலு முறுக்கி வயித்துக்கு வர்றதுதான் பனியன் தொழில்ல பெரிய வில்லங்கம். இது நூல் புடிச்சாப்புல நேரா நின்னிருக்குது. "இது யாரு தெச்சது?"ன்னு கேட்டிருக்கறாங்க. அண்ணன், "நம்ம யூனிட்டு சரக்குங்க. நாலு வருசமா இதப் போட்டுத்தான் தூங்கறனுங்க"ன்னாராமா. கொண்டுபோன புதுச் சாம்பிள அந்தம்மா பிரிச்சுக்கூடப் பாக்கல, ஆர்டரு அண்ணனுக்கே.

அண்ணன் ஊரு வந்ததும் அக்காவும் அவருமா மைசூர்பாக்கோட வந்தாங்க. எனக்கொரு நன்றி வரும்னு நானும் சட்டையெல்லாம் இழுத்துவுட்டுக்கிட்டு உக்கோந்திருந்தேன். அக்கா வாயத் தொறந்தாங்க: "பாத்தீங்களா தம்பி, ராகு காலத்துல எறங்காததோட பலன!"

அதுல இருந்து, சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரமாகும்னு யாராச்சும் கேட்டா, "யாரு வாட்ச்சுலங்க?"ன்னு கேட்டுப்போட்டுத்தானுங்க நான் வாயவே தொறக்கறது.