தையற்காரரின் இடுப்பளவு

நாடாவை என் இடுப்பில் சுற்றியதும் எண்ணைப் பெருவிரலால் மறைத்துக்கொள்கிறார். “துணி சுருங்கிடுச்சு சார். இந்த லீவுல எல்லாருக்குமே சுருங்கியிருக்கு.” நீண்ட விடுமுறை முடிந்ததும் எங்கள் தெருத் தையற்காரர் கூசாமல் சொல்லும் இந்தப் பொய்க்காகவே நான் வேறு கடைக்குப் போவதில்லை.

ஆள் குள்ளம். சட்டைக் காலரில் குண்டூசிகள், காதிடுக்கில் சாக்பீஸ். விடுமுறை முழுக்க ஒரு விருந்தையும் விட்டுவைக்காதவர். வயிறு மெஷினில் இடிக்கிறதென்று நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டார். இப்போது மெஷின் மிதிக்குக் கால் நுனிதான் எட்டுகிறது. ஏப்பம் வந்தால் மெஷினை வேகமாக ஓட்டிச் சத்தத்தை அமுக்குவார். ஊசி ஒடிந்த நேரத்தில் மாட்டிக்கொண்டு, “வெறும் காத்து சார்” என்பார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே மனைவி வைத்ததுதான் சட்டம். தாகத்துக்கு வெந்நீர், மதியம் உப்பில்லாமல் அவித்த கோஸ், சாயங்காலம் நடை. இவர் நடப்பது தெருமுனை பேக்கரி வரைக்கும்தான். “வாசனை பிடிச்சுட்டு வந்துடுவேன். வாசனைக்கெல்லாம் தொப்பை போடுமா?”

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் அண்ணன் வீட்டில் விருந்து. மச்சான் கைச் சமையலென்றால் இவருக்கு உயிர். ஆனால் பழைய சாம்பல் நிறக் கால்சட்டையின் பட்டன் மாட்டினால்தான் கூட்டிப்போவதாக நிபந்தனை. “மாட்டலைன்னா வீட்லயே கெடந்து கோஸ் சாப்பிடுங்க.”

தையற்காரரிடம் போடுகிற நிபந்தனையா இது! நேற்று நான் போனபோதே அந்தக் கால்சட்டை மெஷினில் கிடந்தது. பின்பக்கத்தைப் பிரித்து ஒட்டுத்துணி கொடுத்துக்கொண்டிருந்தார். யாருக்குப் பிரித்தாலும் அடுத்த விடுமுறைக்கும் சேர்த்து நாலு விரல் கூட்டியே தைப்பது அவர் வழக்கம். பழகிய கை, சொந்தத் துணியென்று பார்க்குமா?

இன்று மனைவி வாசற்படியில் காத்திருக்க, திரையை விலக்கி மாப்பிள்ளைபோல் வெளியே வந்தார். பட்டன் மாட்டியிருந்தது. இரண்டடி வைப்பதற்குள் கால்சட்டை நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தொளதொளவென்ற சட்டைக்குக் கீழே கைநிறையத் துணி.

குட்டு உடைந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது.

“என்னங்க இது, ஒரே வாரத்துல இப்படி இளைச்சுட்டீங்க! உடம்புக்கு ஏதோ இருக்கு. அண்ணன்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன். டாக்டர் பாக்குற வரைக்கும் வெறும் கஞ்சிதான்.”

உண்மையைச் சொன்னால் கோஸ், சொல்லாவிட்டால் கஞ்சி. பாவம், எனக்கே மனசு கேட்கவில்லை. சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

மனைவி தலையைக் கண்டாலே தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்கிற மனிதர் அவர். இன்று மூச்சை நன்றாக இழுத்து, கால்சட்டையைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, வயிற்றை முடிந்தமட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார்.