பின்சீட்டில் உட்கார மாட்டேன்

எனக்கு வயது ஐம்பத்தாறு. மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறேன். முதுகெலும்பில் தேய்மானம். இந்த மூன்றும் தெரிந்த எல்லோரும் நான் என்ன கார் வாங்க வேண்டும் என்று எனக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். மெத்தென்ற கார், உயரமான கார், டிரைவர் ஓட்டுகிற கார். நான் வாங்கியதோ தரையோடு தரையாகப் போகிற, ஆக்சிலேட்டரைத் தொட்டாலே பாய்கிற கார். மதுரையில் ஒருவரிடம் இருந்து கைமாறி வந்தது. தோல் சீட்டு, சத்தத்தை உள்ளே விடாத கண்ணாடி என்று சொகுசுக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங் மட்டும் விறைப்பு. ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட முதுகுக்குச் சொல்லிவிடும்.

என் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. என் கணவர் இறந்த பிறகு என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ஒரே பேச்சில் வாயை அடைத்திருப்பேன். இத்தனை பெரிய காரில் சொந்தக்காரர் பின்னால்தான் உட்கார வேண்டும், முன்னால் உட்காருவது டிரைவர் வேலை என்பது அவர் கட்சி.

நாகலாபுரத்தில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். காலையில் கோவில்பட்டி வீட்டுக்கு வெளியே வந்து பார்த்தால், என் சீட்டில் அண்ணன் அழைத்து வந்த டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். பின்சீட்டில் எனக்கு ஒரு தலையணை. கார் பின்பக்கம் தணிந்து நின்றது. டிக்கியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மூட்டை சோளம்.

அண்ணன் காலமெல்லாம் லோடு வேன் ஓட்டியவர். வெறும் வண்டி குதிக்கும், பாரம் ஏற்றினால் அமுங்கி ஓடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைக் கொண்டுபோய் என் காரில் காட்டிவிட்டார். போதாததற்கு, சொகுசுக்கு என்று இருக்கிற பட்டனையும் அமுக்கச் சொல்லியிருந்தார். இனி தொட்டில் மாதிரி போகும் என்று அவருக்கு ஒரே பெருமை. மாதா கோவிலில் கல்யாணப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். அண்ணன் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கரிசலில் போட்ட ரோடு சமமாகக் கிடக்காது. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே கிடக்கிற தார் அலை அலையாக நெளிந்துவிடும். அந்த அலைகளில் கார் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே போனது. விளாத்திகுளம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் அடிவயிறு உரசிய சத்தம் கேட்டது. அது என்னையே உரசியது மாதிரி இருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி, பருத்திக்காட்டு ஓரத்தில் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவியதும் டிரைவரிடம் மூட்டைகளை இறக்கச் சொன்னேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது தன் சோளம் என்றார் அண்ணன். இனி ஆடுகளின் சோளம் என்றேன். பிறகு டிரைவரிடம் சாவிக்காகக் கை நீட்டினேன்.

"ஏட்டி, உன் முதுகுக்காகத்தான சொல்லுதேன்."

"முதுகு என்னோடது அண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் பின்னால், தலையணையோடு. நான் சொகுசுப் பட்டனுக்கு அடுத்து இருந்த, வேகத்துக்கான பட்டனை அமுக்கினேன். கார் விறைத்துக்கொண்டது, ஆட்டம் நின்றது. குழிகளில் அடி விழவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே விழுந்தது. ஆனால் பின்னால் இருந்தால் அடி விழுந்த பிறகுதான் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவளுக்கு முன்னாலேயே தெரியும். உடம்பு அதற்குத் தயாராகிக்கொள்ளும். நேர்ச்சாலை வந்ததும் ஒரு மிதி மிதித்தேன். இரண்டு பக்கமும் காடு வழுக்கிக்கொண்டு போனது. சந்தோஷமாக இருந்தது. கணவர் போனதிலிருந்து கடையிலும் கல்யாண வீட்டிலும் எல்லோரும் என்னைப் பின்னால் உட்கார்த்தவே பார்த்தார்கள். எல்லாம் பாசத்தோடுதான், தலையணையும் கொடுத்துத்தான். அதனாலேயே எனக்குக் கூடுதலாகக் கோபம் வரும்.

நாகலாபுரம் போய்ச் சேர்ந்தோம். கோவிலில் எனக்குக் கடைசி பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலி என்று நான் சொல்லிவிட்டால் அடுத்த பேச்சு டிரைவரைப் பற்றித்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. முன்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று மழுப்பியிருப்பேன்.

"வலிக்குது அண்ணே," என்றேன். "சனிக்கிழமை தூத்துக்குடிக்கு நான்தான் ஓட்டிட்டுப் போறேன். வருதீங்களா?"